ஏரி மீனுக்கேற்ற தூண்டில் முள்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால், நமது அங்கத்தினர்களில் ஒரு சாராருக்கு ஓயாத வேலையும், மற்றொரு சாராருக்கு வேலையே இல்லாத நிலையும் உண்டாவதை ஆண்டுதோறும் கண்டு வருகிறோம். விவசாயிகள் வயலில் நிற்பார்கள். நெசவாளர்களோ தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போட இயலாமலும், குழித்தறியின் குழியில் ஈரம் ஊறுவதாலும், தறியை நிறுத்திவிட்டுத் திண்ணையில் அமர்ந்திருப்பார்கள். அதே வேளையில் ஏரியும் குளமும் நிரம்புகின்றன. மூங்கிற் கழியையும், மண்புழு நிரம்பிய கொட்டாங்கச்சியையும் எடுத்துக்கொண்டு கரைக்குச் செல்வது நம் ஊர்களில் நெடுங்கால வழக்கம். ஒரு வேளைக் குழம்புக்கு மீன் கிடைப்பதும் கூலியில்லாத நாட்களில் குடும்பத்துக்குப் பேருதவியன்றோ?

அத்தகைய மழை நாளொன்றில் நாம் ஏரிக்கரையில் கண்ட நிகழ்ச்சியே இக்கட்டுரைக்குக் காரணம். நெசவாளத் தோழர் ஒருவர் நான்கு நாட்களாகத் தறியின்றி இருந்தவர். தவளைக் குஞ்சை இரையாகக் கோத்துத் தாமரை இலைகளின் ஓரமாக விட்டிருந்தார். முழங்கை நீளமுள்ள விரால் ஒன்று இரையைப் பற்றியது. கழி வில்லாக வளைந்தது. சிறிது நேரத்தில் கழி நிமிர்ந்தது, மீன் இல்லை. நரம்பை இழுத்துப் பார்த்தால், முனையிலிருந்த முள் நேராக நிமிர்ந்து, கம்பித்துண்டு போல் இருந்தது. மறுபடியும் ஒரு முள்ளைக் கட்டி விட்டார். இம்முறை முள் நிமிரவில்லை, முடிச்சு வழுக்கிற்று. முள்ளை விழுங்கியபடியே மீன் போய்விட்டது. மூன்றாம் நாள் பெரிய விரால் ஒன்று செத்து மதகடியில் ஒதுங்கியது. அதன் தொண்டையில் அந்த முள் இருந்தது.

தோழரின் வீட்டில் அன்று கஞ்சிதான். மீனும் எவருக்கும் பயன்படாமல் அழுகிற்று. சந்தையில் சில ரூபாய்க்குச் சாக்கில் பரப்பி விற்ற முட்களை, அளவும் தரமும் பாராமல் வாங்கியதன் விளைவு இது. ஊடைக்கு இன்ன நூல், பாவுக்கு இன்ன நூல் என்று விரலால் தொட்டே சொல்லக்கூடியவர், தூண்டில் முள்ளை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார். இவ்விஷயத்தில் நம்மில் பலரும் அவரைப் போன்றவர்களே. ஆகவே, நன்னீரில் தூண்டில் இடுவோர் முள்ளைத் தேர்ந்தெடுக்க வேண்டிய முறையை இங்கு எடுத்துரைக்க முற்படுகிறோம்.

பழமையான கருவி

தூண்டில் முள் மனிதனின் மிகப் பழைய கருவிகளுள் ஒன்று. ஜப்பானைச் சேர்ந்த ஒகினாவாத் தீவின் குகையொன்றில் கிடைத்த, சிப்பி ஓட்டைத் தேய்த்துச் செய்த முட்கள் சுமார் 23,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2016-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். சிந்துவெளி மக்கள் செம்பினால் முள் செய்தனர். அவை மொகஞ்சதாரோவில் கிடைத்துள்ளன. சூதில் பெறும் வெற்றிக்குத் தூண்டில் முள்ளை விழுங்கிய மீனை உவமையாகக் காட்டினார் திருவள்ளுவர்.

பிற்காலத்தில் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் ஊசி செய்யும் தொழிலாளரே தூண்டில் முள்ளும் செய்தனர். ஊசிக்கும் முள்ளுக்கும் வேண்டியது ஒரே வகை எஃகுக் கம்பியாதலால் இது இயல்பே. நார்வே நாட்டில் 1832-ல் நிறுவப்பெற்ற முஸ்தாது தொழிற்சாலை, 1877-ல் முள் செய்யும் தானியங்கி இயந்திரத்தை அமைத்தபின், கைத்தொழிலாக இருந்த இது இயந்திரத் தொழிலாயிற்று. நம் நாட்டைப் பொறுத்தவரை, சென்னை மாகாணத்தில் சிவில் உத்தியோகம் வகித்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்பார், 1873-ல் இந்தியாவில் தூண்டில் இடுதல் பற்றியும், 1887-ல் ஏரிகளில் தூண்டில் இடுதல் பற்றியும் தனித்தனியே நூல்கள் வெளியிட்டார். நம் ஏரிகளில் தூண்டில் இடுவது ஒரு தனி நூலுக்குரிய பொருளாக அன்றே கருதப்பட்டது என்பது இதனால் விளங்கும்.

முள்ளின் உறுப்புகள்

முள்ளைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே நரம்பு கட்டும் இடம். அது வளையமாக இருப்பின் கண் எனலாம். சிலவற்றில் கண்ணுக்குப் பதிலாகத் தட்டையாக அடிக்கப்பட்ட தலை இருக்கும். அதன் கீழே நேராக இறங்குவது தண்டு. தண்டின் அடியில் வளைவு. வளைவு மேலேறிக் கூர்மையில் முடிவது முனை. முனைக்குச் சற்றுக் கீழே பின்னோக்கி எழும்பி நிற்கும் சிறு முள்ளைப் பின்முள் என்று இக்கட்டுரையில் வழங்குவோம். ஏறிய முள் வெளிவராமல் தடுப்பது அதுவே. முனைக்கும் தண்டுக்கும் இடையேயுள்ள வெளி, முள்ளின் வாய்.

இவற்றுள் முதலில் பார்க்கத்தக்கது வாயின் அகலமே. இரையைக் கோத்தபின் முனைக்கும் இரைக்கும் இடையே வெளி எஞ்சியிருக்க வேண்டும். மாவு உருண்டை முள்ளின் வாய் முழுவதையும் அடைத்துக்கொண்டால், மீன் கடிக்கும்போது முனை உதட்டில் ஏறாது. உருண்டை மட்டும் கழன்றுபோகும். ‘மீன் இரையைத் தின்றுவிட்டு ஓடிவிட்டது’ என்று நாம் குறை கூறும் வேளைகளில் பாதிக்கு மேல் குற்றம் மீனுடையதன்று. முள்ளின் வாய் போதாமையே.

நெம்பர்க் கணக்கு

முள்ளின் நெம்பர் புதியவர்களைக் குழப்பும். ஆனால் நெசவாளர்களுக்கு அதில் குழப்பம் வேண்டியதில்லை. பருத்தி நூலில் நெம்பர் ஏற ஏற இழை நைசாவதை நாம் அறிவோம். ஒரு பவுண்டு நூலில் 840 கஜம் கொண்ட சிட்டங்கள் எத்தனை அடங்குமோ அதுவே நூலின் நெம்பர். ஆகவே 40-ஆம் நெம்பரைவிட 80-ஆம் நெம்பர் மெல்லியது. முள்ளிலும் அவ்வாறே. 16-ஆம் நெம்பர் மிகச் சிறியது. 10 அதனிலும் பெரியது. 6, 4, 2 என்று இறங்க இறங்க முள் பெரிதாகி 1-ல் நிற்கும்.

அதற்கு மேலும் பெரிய முட்களுக்குக் கணக்கு திரும்பிவிடுகிறது. 1/0, 2/0, 3/0 என்று சுழி சேர்த்து எழுதுவர். இங்கு எண் ஏற ஏற முள்ளும் பெரிதாகும். எனவே 3-ஆம் நெம்பர் முள்ளும் 3/0 முள்ளும் ஒன்றல்ல. பின்னது பன்மடங்கு பெரியது. கடையில் கேட்கும்போது சுழியைச் சொல்ல மறவாதீர்கள்.

ஆயினும் நூலுக்கும் முள்ளுக்கும் ஒரு முக்கிய வேற்றுமை உண்டு. நூலின் நெம்பர் நிறுத்தும் அளந்தும் சரிபார்க்கக் கூடியது. எந்த ஆலையில் நூற்றாலும் 40 என்பது 40-தான். முள்ளுக்கு அத்தகைய பொது அளவு கிடையாது. ஒரு தொழிற்சாலையின் 8-ஆம் நெம்பர், வேறொன்றின் 6-ஆம் நெம்பர் அளவுக்கு இருப்பதும் உண்டு. ஆதலால் நெம்பரை மட்டும் நம்பி வாங்குதல் கூடாது. நன்றாக உதவிய பழைய முள் ஒன்றை அட்டையில் குத்திக் கடைக்கு எடுத்துச் சென்று, புதியதை அதன்மீது வைத்து ஒத்துப்பார்த்து வாங்குவதே உத்தமம்.

மீனின் வாய்க்கு ஏற்ற முள்

மண்ணைப் பார்த்துக் கொழு பூட்டுவது விவசாயிகளின் வழக்கம். அதுபோல மீனின் வாயைப் பார்த்து முள் கட்டவேண்டும்.

சிறு கெண்டை வகைகளின் வாய் மிகச் சிறியது. இவற்றுக்கு மெல்லிய கம்பியால் ஆன 14 அல்லது 16-ஆம் நெம்பர் முள் போதும். சிறு மண்புழுத்துண்டு, சோற்றுப் பருக்கை, கோதுமை மாவு ஆகியவை இரையாகும்.

ஜிலேபிக் கெண்டை ஆப்பிரிக்க மீன். 1952-ல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டு இன்று ஏறக்குறைய எல்லாக் குளங்களிலும் பெருகியிருப்பது. இதற்கு 8 அல்லது 10-ஆம் நெம்பர் ஏற்றது. இரையைத் தயக்கத்துடன் கொறிக்கும் இயல்புடையதாதலால், முனை மிகவும் கூர்மையாக இருத்தல் அவசியம்.

கட்லா, ரோகு, மிருகால் ஆகிய பெருங்கெண்டைகள் ஏரிகளில் குஞ்சு விட்டு வளர்க்கப்படுபவை. கட்லாவின் வாய் மேல்நோக்கியது. நீரின் மேற்பரப்பை ஒட்டி இரை தேடும். ரோகுவின் வாய் கீழ்நோக்கியது, உதடு தடித்தது. மிருகால் தரையில் மேய்வது. இம்மூன்றுக்கும் பல்லில்லாத மெல்லிய வாய். மாவு உருண்டையை உறிஞ்சி இழுப்பவை. ஆகவே முள் குட்டைத் தண்டும் அகன்ற வாயும் உடையதாய், 4 முதல் 6-ஆம் நெம்பர் அளவில் இருக்கலாம். கம்பி மிக மெல்லியதானால் உதட்டை அறுத்துவிடும். ஓரளவு தடித்த கம்பியே நன்று.

கெளுத்தியும் விலாங்கும் இரையை ஆழமாக விழுங்கிவிடும். இவற்றுக்கு நீண்ட தண்டுள்ள முள் வேண்டும். தண்டின் நுனி வாய்க்கு வெளியே நீண்டிருந்தால் முள்ளைக் கழற்றுவது எளிது. கெளுத்திக்கு 6 அல்லது 8. விலாங்குக்கு 1 அல்லது 2. கெளுத்தியின் முதுகிலும் இரு பக்கங்களிலும் உள்ள முட்கள் கையைக் குத்தும் என்பதை நினைவிற்கொண்டு, துணியால் பிடித்து முள்ளை எடுக்க வேண்டும்.

விரால் அகன்ற வாயும், பற்களும், கெட்டியான தாடை எலும்பும் உடையது. இதற்கு 1/0 முதல் 3/0 வரை, தடித்த கம்பியால் ஆன முள் தேவை. நம் தோழரின் முள் நிமிர்ந்ததன் காரணம், கெண்டைக்குரிய மெல்லிய முள்ளை விராலுக்குக் கட்டியதே. வாளை மீனின் வாயில் பற்கள் நிறைய உண்டு. நைலான் நரம்பை அவை அறுத்துவிடுமாதலால், முள்ளுக்கு மேலே ஒரு சாண் நீளம் மெல்லிய எஃகுக் கம்பி இணைத்தல் வேண்டும்.

தரம் பார்க்கும் முறை

நல்ல முள் கரிமம் மிகுந்த எஃகுக் கம்பியை வளைத்துக் காய்ச்சிப் பதமிட்டுச் செய்யப்படுவது. பதம் குறைந்தால் முள் நிமிர்ந்துவிடும்; பதம் மிஞ்சினால் முறிந்துவிடும். பெட்டியில் ஒன்றை எடுத்து, முனையை மரக்கட்டையில் சற்றே ஊன்றித் தண்டை மெல்ல இழுத்துப் பார்த்தால் இது விளங்கும். சிறிது வளைந்து கொடுத்து, விட்டவுடன் பழைய நிலைக்குத் திரும்புவதே நல்ல முள். வளைந்தபடியே நிற்பதையும், படீரென்று ஒடிவதையும் தள்ளிவிடுக.

கூர்மையை அறியப் பெருவிரல் நகம் போதும். முனையை நகத்தின்மீது அழுத்தாமல் இழுத்தால், கூரிய முள் நகத்தில் பற்றி நிற்கும். மழுங்கியது வழுக்கிக்கொண்டு ஓடும். மழுங்கியதை எறிந்துவிட வேண்டியதில்லை. மெல்லிய சாணைக்கல்லில் நாலைந்து முறை தீட்டினால் மீண்டும் கூராகும். கல்லிலும் சேற்றிலும் உராயும் முள் ஒரே நாளில் மழுங்கக்கூடுமாதலால், கரையிலேயே அவ்வப்போது நகத்தில் பார்த்துக்கொள்வது நலம்.

துருப்பிடிக்காத எஃகு முள் உயர்ந்ததென்று எண்ணுவோர் உண்டு. உப்புநீருக்கு அது பொருந்தும். நன்னீருக்குச் சாதாரண எஃகு முள்ளே போதுமானது. அன்றியும், மீனின் வாயிலோ ஏரியின் அடியிலோ தங்கிப்போகும் சாதாரண முள் நாளடைவில் துருப்பிடித்து உதிரும். துருவேறாத முள் நெடுங்காலம் அப்படியே கிடக்கும். உபயோகித்த முட்களைத் துடைத்து உலர்த்தி, ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவி வைத்தால் பல மாதம் உழைக்கும்.

முடிச்சு

நெசவாளர்களுக்கு முடிச்சுப் பற்றிச் சொல்லுதல் கொல்லன் தெருவில் ஊசி விற்பதற்கு ஒப்பாகும். எனினும் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். அறுந்த இழையை இணைக்க நாம் போடும் முடிச்சு பருத்தி நூலில் பிடிப்பதுபோல் நைலான் நரம்பில் பிடிக்காது, வழுக்கிவிடும். நம் தோழரின் இரண்டாவது முள் போனது இவ்வாறே. நரம்பைத் தண்டின்மீது ஆறேழு சுற்றுச் சுற்றி, நுனியைச் சுற்றுகளின் ஊடே செலுத்தி, எச்சிலாலோ தண்ணீராலோ நனைத்தபின் மெல்ல இறுக்க வேண்டும். உலர்ந்தபடி இறுக்கினால் உராய்வின் சூட்டில் நரம்பு வலுவிழக்கும். தட்டைத் தலையுள்ள முள்ளுக்கு இம்முறை ஒன்றே பொருந்தும். நரம்பும் முள்ளுக்கு இணையாக இருக்கவேண்டும். தடித்த நரம்பில் மெல்லிய முள் கட்டினால் முள் நிமிரும். மெல்லிய நரம்பில் தடித்த முள் கட்டினால், முள்ளை உள்ளே செலுத்தும் இழுப்பிலேயே நரம்பு அறுந்துபோகும்.

வட்ட முள்ளும் பின்முள் இல்லா முள்ளும்

வட்ட முள் என்பது முனை உட்புறமாகத் தண்டை நோக்கித் திரும்பியிருப்பது. பார்வைக்கு இது எதையும் குத்தாது போலத் தோன்றும். மீன் இரையை விழுங்கியபின் நரம்பு இழுபடும்போது, முள் தொண்டையில் ஏறாமல் வழுக்கி வந்து வாயின் ஓரத்தில் மாட்டிக்கொள்கிறது. இதற்கு வெடுக்கென்று சுண்டக்கூடாது. கழியை நிதானமாகத் தூக்கினால் போதும். ஆழமாக விழுங்கும் மீன்களுக்கு உகந்தது இது.

பின்முள்ளைக் குறடால் அழுத்தித் தட்டையாக்கிவிடுவது மற்றொரு முறை. நரம்பைத் தொய்யவிடாமல் இழுத்துவந்தால் மீன் தப்புவது அரிது. சிறு மீனாயின் காயமின்றித் திருப்பி விடலாம். நம் விரலில் ஏறினாலும் எளிதில் எடுத்துவிடலாம். சிறுவர்கள் கையில் தூண்டில் கொடுப்பதாயின் இத்தகைய முள்ளையே கொடுக்க வேண்டுமென்று வற்புறுத்துவோம்.

பொதுநலம்

வலைக்குக் கண் எப்படியோ, தூண்டிலுக்கு முள் அப்படி. பெரிய முள்ளைக் கட்டினால் சிறு மீன் பெரும்பாலும் தப்பும். மிகச் சிறிய முள்ளைக் கட்டினால் விரலளவுக் கட்லாக் குஞ்சும் மாட்டும். குஞ்சைப் பிடிப்பது விதைநெல்லைக் குத்தித் தின்பதற்கு ஒப்பாகும். பல ஏரிகளில் மீன்பிடி உரிமை குத்தகைக்கு விடப்படுகிறது. மீனவர் கூட்டுறவுச் சங்கங்களும் அவற்றைக் குத்தகை எடுத்துக் குஞ்சு விடுகின்றன. நம்மைப் போன்ற மற்றொரு சங்கத்தின் முதலீடு அந்நீரில் இருப்பதால், உரியவர்களிடம் கேட்டு அனுமதி பெற்றபின்னரே தூண்டில் இடுதல் முறை. செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தைக் காவல் காத்து நிற்கும் விராலைக் கண்டால், அதனை விட்டுவிடுக. காவல் மீன் போனால் அக்கூட்டம் பிற மீன்களுக்கு இரையாகும்.

முள்ளை ஆழமாக விழுங்கிவிட்ட சிறு மீனைத் திருப்பி விடுவதாயின், முள்ளைப் பிடுங்க முயலாமல் நரம்பை வாயருகே வெட்டி விடுதல் மேல். பிடுங்கினால் குடல் கிழியும். வெட்டிவிட்டால் பிழைக்க வழியுண்டு.

ஏரியில் விட்டுவரும் முட்களைப் பற்றியும் சொல்லவேண்டும். கோடையில் நீர் வற்றியதும் அங்கு வண்டல் எடுக்க இறங்குவோர் விவசாய அங்கத்தினர்கள். மேய்வது அவர்களது மாடுகள். வண்டல் வாரியபோது வெறுங்காலில் முள் ஏறிப் பின்முள் வரை புதைந்துவிட்ட விவசாயி ஒருவரை நாம் அறிவோம். இழுத்துப் பிடுங்க முயன்றதால் புண் பெரிதாகி, மூன்று வாரம் அவரால் காலூன்ற இயலவில்லை. இவ்வாறு முள் ஏறினால் வந்த வழியே இழுக்கக்கூடாது. நரம்பை அறுத்துவிட்டு, சோப்பும் தண்ணீரும் கொண்டு சுற்றிலும் கழுவி, மருத்துவமனைக்குச் சென்று எடுத்துக்கொள்வதோடு, இசிவு நோய்த் தடுப்பூசி பற்றியும் மருத்துவரிடம் கேட்க வேண்டும். கண்ணிலோ கண்ணருகிலோ ஏறினால் தொடவே கூடாது. உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். அறுந்த நைலான் நரம்பும் கரையில் கிடத்தல் ஆகாது. கொக்கும் நீர்க்காகமும் அதில் கால் சிக்கி மடிகின்றன.

ஒரு யோசனை

முட்களை ஒவ்வொருவரும் சந்தையில் ஐந்தும் பத்துமாக வாங்குவதால் விலையும் மிகுதி, தரமும் நிச்சயமில்லை. தூண்டில் இடும் அங்கத்தினர்கள் பத்துப் பதினைந்து பேர் ஒன்றுகூடி, 14, 8, 4, 1/0 ஆகிய நான்கு அளவுகளில் நூறு முட்கள் கொண்ட பெட்டி ஒவ்வொன்று வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளலாம். பெட்டிக்கு ஒரு முள்ளை மேற்சொன்னபடி சோதித்துப் பார்த்து வாங்கினால் ஏமாற்றத்துக்கு இடமில்லை. நூலைச் சேர்ந்து வாங்கிய நமக்கு முள்ளைச் சேர்ந்து வாங்குவது புதிதன்று.

நமது தோழர் இவ்வாண்டு மழைக்கு முன்பே 2/0 முட்கள் பன்னிரண்டு வாங்கி, தக்கைத் துண்டொன்றில் வரிசையாகக் குத்தி வைத்திருக்கிறார். அதனை நம்மிடம் காட்டியபோது அவர் சொன்ன வழக்கத்தை அங்கத்தினர் அனைவரும் கைக்கொள்ளலாம்: கரைக்குப் போகுமுன் முட்களை எண்ணுகிறார், வீடு திரும்புமுன் மறுபடியும் எண்ணுகிறார். எண்ணிக்கை குறைந்தால், விளக்கு வைக்கும் நேரமானாலும் கரையில் குனிந்து தேடிவிட்டே வருகிறார்.